கன்ஸ்டனின் பதற்றமும் மெக்டொனால்டின் பதற்றமும்

1976-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியின் உச்ச விருதான கோல்ட் லோகி, உலகத்தில் இல்லாத ஓர் ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆளின் பெயர் நார்மன் கன்ஸ்டன். வொலொங்காங் என்ற இரும்பாலை நகரத்திலிருந்து வந்து, தனக்கென்று ஒரு பேட்டி நிகழ்ச்சி நடத்தி, கேட்கக் கூடாத கேள்வியெல்லாம் கேட்டு, முகத்தில் ரத்தம் ஒற்றிய காகிதத் துண்டுகளோடு பெரிய மனிதர்கள் முன் போய் நின்ற அசடு அவர். அந்த அசட்டுக்குள் இருந்த நடிகர் காரி மெக்டொனால்ட். அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, ஒரு கற்பனைப் பாத்திரத்தின் பெயரில் அந்த விருது தரப்பட்டதில்லை. இந்த நடிகரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஆனால் அவர் வாழ்க்கையைப் பிறந்த நாளிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவது என் நோக்கம் இல்லை. அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் ஒரு கதை இருக்கிறது. அது தவறு என்பது என் கட்சி.

அந்தக் கதை கேட்க அழகாகத்தான் இருக்கும். மெக்டொனால்ட் கடுமையான பதற்ற நோயால் அவதிப்பட்டவர். அதை அவரே பின்னாளில் பகிரங்கமாகச் சொன்னார். அவருடைய புகழ்பெற்ற இரண்டு பாத்திரங்களும் பதறுகிறவர்கள். கன்ஸ்டன் பேட்டி எடுக்கும்போதே வியர்த்து வழிகிறவர். 'மதர் அண்ட் சன்' தொடரின் ஆர்தர், தாயிடம் மாட்டிக்கொண்டு தவிக்கிற மகன். ஆகவே நடிகர் தன் நோயையே எடுத்துப் பாத்திரமாக்கினார், அந்த வேதனைதான் நமக்குச் சிரிப்பாக வந்தது, கடைசியில் 1993-இல் அந்த வேதனை அவரை விழுங்கிவிட்டது என்று முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். சிரிக்க வைப்பவன் உள்ளுக்குள் அழுகிறான் என்ற பழைய சூத்திரத்தில் இன்னொரு பெயரைப் போட்டு நிரப்பியாயிற்று. நான் சொல்வது வேறு. திரையில் நாம் பார்த்த பதற்றம், பயிற்சி பெற்ற ஒரு நடிகர் பல பேரோடு சேர்ந்து உட்கார்ந்து செய்த வேலை. திரைக்கு வெளியே அவரை வாட்டியது நோய். நோய் அந்த வேலைக்கு உரமாக இருந்ததற்குச் சான்று இல்லை. இடைஞ்சலாக இருந்ததற்குச் சான்று நிறைய இருக்கிறது.

கன்ஸ்டன் எப்படி உருவானார் என்பதிலிருந்து தொடங்குவோம். ஏபிசி என்ற அரசுத் தொலைக்காட்சியில் 1972-இல் 'தி ஆன்ட்டி ஜாக் ஷோ' வந்தது. மீசை வைத்த, மோட்டார் சைக்கிள் ஓட்டும், குத்துச்சண்டைக் கையுறை மாட்டிய ஓர் அத்தையாக கிரஹாம் பாண்ட் வருவார். காட்டுத்தனமான நிகழ்ச்சி. அதில் வொலொங்காங் செய்தி சொல்லும் உள்ளூர் நிருபராக ஒரு சின்னத் துண்டில் வந்தவர்தான் கன்ஸ்டன். அந்தப் பாத்திரத்தை முதலில் யோசித்தவர் வெண்டி ஸ்கெல்ச்சர் என்ற எழுத்தாளர், மெக்டொனால்ட் இல்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். தன் அந்தரங்க வேதனையிலிருந்து ஒருவர் பிடுங்கி எடுத்த உருவம் என்று நாம் நம்பும் ஒன்று, உண்மையில் இன்னொருவர் மேசையில் பிறந்திருக்கிறது. 1975-இல் கன்ஸ்டனுக்குத் தனி நிகழ்ச்சி கிடைத்தபோதும் பின்னால் எழுத்தாளர்கள் இருந்தார்கள். பிற்பாடு சிறுவர் நாவல்களுக்காக உலகெங்கும் அறியப்பட்ட மாரிஸ் கிளைட்ஸ்மன் அவர்களில் ஒருவர். மெக்டொனால்ட் அப்போது இருபதுகளில் இருந்தார். சிட்னியில் உள்ள தேசிய நாடகக் கழகத்தில் முறையாக நடிப்புப் படித்துவிட்டு வந்தவர். அதே 1975-இல் வெளிவந்த 'பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்' படத்தில், சிரிப்புக்கு இடமே இல்லாத ஒரு கான்ஸ்டபிளாகவும் நடித்திருக்கிறார். இரண்டையும் ஒரே ஆண்டில் செய்ய முடிந்தவரைத் தன்னைத்தானே வெளிப்படுத்திக்கொண்டவர் என்று சொல்வது சரியாகப் படவில்லை.

அவர் பாத்திரத்துக்குக் கொண்டுவந்தது உடம்பு. வழுக்கையின் குறுக்கே இழுத்துச் சீவிய நாலு முடி. பளபளக்கும் வெளிர்நீலக் கோட்டு, அதற்குக் கீழே கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்ட கால்சட்டை. முகத்தில் சவரக் கத்தி பட்ட இடங்களில் ஒட்டிய டிஷ்யூத் துண்டுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிவப்புப் பொட்டு. அந்தக் காகிதத் துண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். காலையில் அவசரமாகக் கிளம்பியவன், கண்ணாடியைச் சரியாகப் பார்க்காதவன், நல்லபடியாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு அதிலேயே தோற்றவன் என்று முழு வரலாற்றையும் அது ஒரு வார்த்தை இல்லாமல் சொல்லிவிடுகிறது. எதிரே உட்காரும் நட்சத்திரம் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்ததைச் சொல்லவும் முடியாது. பேட்டி தொடங்கும் முன்பே சமநிலை போய்விடும். இப்படி ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து முகத்தில் ஒட்டிக்கொள்வது பதறுகிறவன் செய்யும் காரியமா? பதற்றம் எப்படிக் கண்ணுக்குத் தெரியும் என்று வெளியிலிருந்து அளந்து பார்த்தவன் செய்யும் காரியம் அது.

பேட்டிகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1975-இல் பால் மெக்கார்ட்னி தன் விங்ஸ் குழுவோடு ஆஸ்திரேலியா வந்தபோது பத்திரிகையாளர் சந்திப்பில் கன்ஸ்டனும் மைக்கோடு போய் உட்கார்ந்துவிட்டார். மெக்கார்ட்னியின் மனைவி லிண்டாவைப் பார்த்து, உங்களைப் பார்த்தால் ஜப்பானியர் மாதிரியே தெரியவில்லையே என்று ஆச்சரியப்பட்டார். பீட்டில்ஸ் குழுவில் மெக்கார்ட்னியோடு இருந்த லெனனின் ஜப்பானிய மனைவி யோகோ ஓனோவையும் மெக்கார்ட்னியின் மனைவியையும் குழப்பிக்கொண்ட கேள்வி. அரைகுறையாகப் படித்துவிட்டு வந்தவன் எந்த இடத்தில் இடறுவானோ, அந்த இடத்தில் மிகச் சரியாக இடறுகிறது அது. பீட்டில்ஸ் பிரிந்த கதை முழுவதும் தெரிந்தவனால் மட்டுமே இவ்வளவு துல்லியமாகத் தப்பாகக் கேட்க முடியும். கேட்டுவிட்டு அவர் என்ன செய்கிறார் என்பதும் முக்கியம். உண்மையிலேயே பதறும் ஒருவன் மௌனம் விழுந்தவுடன் அதை நிரப்பத் துடிப்பான், சிரித்து மழுப்புவான், மன்னிப்புக் கேட்பான். கன்ஸ்டன் காத்திருக்கிறார். மௌனத்தை எதிராளியின் மடியில் வைத்துவிட்டு, கண்ணில் மட்டும் கலக்கத்தைக் காட்டிக்கொண்டு, பதிலுக்காகக் காத்திருக்கிறார். அமெரிக்க நடிகை சாலி ஸ்ட்ரதர்ஸ் அவர் முன்னால் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தபோதும் மெக்டொனால்டின் முகம் கலையவில்லை. இதற்கு வேண்டிய நெஞ்சுரம் சாதாரணமானதில்லை.

இந்த இடத்தில் ஓர் ஆட்சேபம் வரும். முன்கூட்டிச் சொல்லாமல் வெளியூர்க்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேலி செய்வது வம்பு வேலைதானே, இதில் கலை எங்கே வந்தது என்று. நியாயமான கேள்வி. பின்னாளில் இதே முறையைக் கையில் எடுத்த பலர் விருந்தாளியை மண்ணைக் கவ்வ வைப்பதையே குறியாகக் கொண்டார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கன்ஸ்டனிடம் அப்படி இல்லை. அறையில் எல்லோருக்கும் கீழே அவர்தான் இருப்பார். அந்த அசட்டை எப்படி நடத்துவது என்பது எதிராளியின் பொறுப்பாகிவிடும்; அவரவர் சுபாவம் அங்கே தானாக வெளிவரும். தி ஹூ குழுவின் டிரம்மர் கீத் மூன் அவர் மேல் வோட்காவைக் கொட்டினார். அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸப்பா அவருடைய மவுத் ஆர்கனைக் கேட்டுவிட்டு 1976-இல் சிட்னிக் கச்சேரியில் தன் மேடைக்கே ஏற்றி வாசிக்கச் சொன்னார். அந்தப் பதிவு பின்னாளில் ஸப்பாவின் இசைத்தட்டிலும் வந்தது. ஒரே அசடு, இரண்டு விதமான வரவேற்பு. கேலி யார் பக்கம் திரும்பியது என்பதைப் பார்ப்பவர்கள் முடிவு செய்துகொண்டார்கள்.

கன்ஸ்டனுக்குப் பின்னால் நின்ற பெரிய கேலிப் பொருள் ஆஸ்திரேலியாவேதான். தன் நாட்டில் விளைந்தது எதுவும் லண்டன் சரக்குக்கு ஈடாகாது என்று கூசிக் குறுகும் மனப்பான்மையை ஏ. ஏ. ஃபிலிப்ஸ் என்ற விமர்சகர் 1950-இலேயே ஒரு கட்டுரையில் பிடித்துக்காட்டியிருந்தார். வந்து இறங்கும் ஒவ்வொரு வெளிநாட்டு நட்சத்திரத்திடமும் எங்கள் நாடு எப்படி இருக்கிறது என்று விமான நிலையத்திலேயே கேட்டு, நல்ல வார்த்தை கிடைத்தால் பூரித்துப்போகும் பத்திரிகைத்தனத்தின் முழு உருவம் கன்ஸ்டன். ஆகவே அவர் பதற்றம் ஒரு தனிமனிதனின் நரம்புத் தளர்ச்சியாகப் பார்ப்பவர்களுக்குப் படவில்லை. ஒரு நாட்டின் கூச்சம் அவர் முகத்தில் எழுதியிருந்தது. அந்த முகத்துக்குப் பின்னால் இருந்த துணிவுக்கு ஒரு நாள் சாட்சி. 1975 நவம்பர் 11 அன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமர் கஃப் விட்லமை கவர்னர் ஜெனரல் சர் ஜான் கெர் பதவியிலிருந்து நீக்கினார். அந்நாட்டு அரசியலில் அதைவிடப் பெரிய அதிர்ச்சி அதுவரை வந்ததில்லை. கான்பெராவில் நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் கொதித்துப்போய்க் கூடிய கூட்டத்தின் நடுவில், மைக்கும் படப்பிடிப்புக் குழுவுமாகக் கன்ஸ்டன் வந்து நின்றார். கூட்டத்தைப் பார்த்துப் பேசவும் செய்தார். ஆத்திரத்தில் இருந்த மக்கள் அவரை விரட்டவில்லை, சிரித்தார்கள். அந்த நாளின் வரலாற்றுப் படச்சுருள்களோடு இன்றும் அந்தக் காட்சி சேர்ந்தே காட்டப்படுகிறது. எழுதி வைத்த வசனம் இல்லை, ஒத்திகை இல்லை, கூட்டம் எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு இடத்தில் பாத்திரத்தை விட்டு ஒரு கணம்கூட வெளியே வராமல் நின்றவரைப் பார்த்து, நரம்புத் தளர்ச்சிதான் இவர் மூலதனம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அடுத்தது ஆர்தர் பியர். 1984 முதல் 1994 வரை, ஆறு தவணைகளில் 42 பகுதிகள் வந்தது 'மதர் அண்ட் சன்'. எல்லாவற்றையும் எழுதியவர் ஜெஃப்ரி ஆதர்டன். மணமுறிவுக்குப் பின் வயதான தாயோடு வாழ வந்த பத்திரிகையாளர் ஆர்தர். தாய் மேகிக்கு மறதி. அண்ணன் ராபர்ட் பல் மருத்துவர். வசதியானவன், பொறுப்பில்லாதவன், தாய்க்குச் செல்லப்பிள்ளை. பார்த்துக்கொள்வது ஒரு பிள்ளை, பாசம் கிடைப்பது இன்னொரு பிள்ளைக்கு. இது எந்த ஊருக்கும் புரியும் கணக்கு. மேகியாக நடித்த ரூத் கிராக்னல் 1925-இல் பிறந்தவர். தொடர் தொடங்கியபோது அவருக்கு அறுபதுகூட ஆகவில்லை. அந்தக் கிழவியின் தள்ளாட்டமும் நடித்து வந்ததுதான். மேகிக்கு நினைவில்லாமல் போவது உண்மை. ஆனால் வேண்டும்போது வேண்டியது மட்டும் நினைவுக்கு வருவதும் உண்மை. எது நோய், எது தந்திரம் என்று ஆர்தருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஆர்தர் ஒரு பெண்ணை வீட்டுக்குக் கூட்டிவந்தால் அந்தச் சாயங்காலம் உருப்படாது என்பது மட்டும் நிச்சயம்.

இந்தத் தொடரில் நல்ல வரிகளெல்லாம் பெரும்பாலும் கிராக்னலுக்கே. மெக்டொனால்டின் வேலை கேட்டுக்கொண்டிருப்பது. சொல்லப்போனால் நகைச்சுவையில் இதைவிடக் கடினமான, இதைவிடக் குறைவாகப் பாராட்டப்படும் வேலை கிடையாது. தாய் ஒரு வாக்கியம் சொல்கிறாள். ஆர்தர் பதில் சொல்ல வாயைத் திறக்கிறார். சொன்னால் என்ன வரும் என்று தெரிகிறது. வாயை மூடுகிறார். பிறகு, கூடாது என்று தெரிந்தும், சொல்லிவிடுகிறார். சிரிப்பு மேகியின் வரியில் தொடங்கினாலும் வெடிப்பது ஆர்தரின் அந்த மூடித் திறக்கும் வாயில்தான். இதன் கால அளவு அரை வினாடி கூடினால் சோகமாகிவிடும், குறைந்தால் கோமாளித்தனமாகிவிடும். பத்தாண்டுகள் இதைத் தவறாமல் செய்தார். ஒப்பிட்டுப் பாருங்கள். கன்ஸ்டன் மௌனத்தை எதிராளியிடம் தள்ளிவிடுகிறவர். ஆர்தர் மௌனத்தைத் தானே விழுங்குகிறவர். இரண்டும் எதிரெதிர் உத்திகள். ஒரே நோய் இந்த இரண்டையும் பெற்றெடுத்தது என்று சொன்னால், எதை வேண்டுமானாலும் விளக்கிவிடும் ஒரு விளக்கத்தைக் கையில் வைத்திருக்கிறோம் என்றுதான் பொருள். அப்படிப்பட்ட விளக்கம் எதையும் விளக்குவதில்லை.

மறதி நோயை வைத்துச் சிரிக்கலாமா என்ற கேள்வி இந்தத் தொடரைப் பற்றி எழாமல் இருக்காது. ஆதர்டனின் எழுத்தில் மேகி ஒருபோதும் பொம்மை இல்லை என்பது ஒரு பதில். வீட்டில் அதிகாரம் அவள் கையில்தான் இருக்கிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. பராமரிக்கும் பிள்ளையின் எரிச்சலையும், அந்த எரிச்சலால் வரும் குற்ற உணர்ச்சியையும், முதியோர் இல்லத்தைப் பற்றி மனத்துக்குள் போடும் கணக்கையும் மறைக்காமல் காட்டியது இந்தத் தொடர். தியாகி மகனாக ஆர்தரை மெக்டொனால்ட் நடித்திருந்தால் அது வேறு தொடர், மோசமான தொடர். 2023-இல் மேட் ஓகினும் டெனிஸ் ஸ்காட்டும் நடித்து ஏபிசி இதைப் புதிதாக எடுத்தது. நாற்பது ஆண்டுக்குப் பிறகும் வேறு நடிகர்களோடு அந்தக் கட்டமைப்பை மறுபடி நிறுத்திப் பார்க்க முடிகிறது என்றால், அது யாருடைய தனிப்பட்ட நரம்புகளின் மேலும் நிற்கவில்லை என்பது தெரிகிறது.

1993-க்கு வருவோம். எதிர்க்கட்சிக்கு வலுவான சான்று இருப்பது இங்கேதான். அந்த ஆண்டு செவன் நெட்வொர்க்கில் கன்ஸ்டன் நிகழ்ச்சியை மறுபடி தொடங்கினார்கள். தொடங்கிய வேகத்திலேயே அது நின்றது. மெக்டொனால்ட் கடுமையான பதற்ற நோயால் நிலைகுலைந்தார், தொடர முடியவில்லை. பாத்திரம் நடிகனைத் தின்றுவிட்டது என்று சொல்ல இதைவிட வசதியான சம்பவம் கிடையாது. ஆனால் நடந்ததை அப்படியே நேராக வைத்துப் பாருங்கள். பதற்றம்தான் கன்ஸ்டனின் எரிபொருள் என்றால், பதற்றம் உச்சத்தில் இருந்த 1993-இல்தான் கன்ஸ்டன் உச்சத்தில் இருந்திருக்க வேண்டும். நேர்மாறாக அல்லவா நடந்தது? நோய் முற்றியபோது கன்ஸ்டனை நிறுத்தி வைக்கவே முடியவில்லை. நடிகர் தெம்பாக இருந்தபோதுதான் கன்ஸ்டன் தவித்தார். நடிகரே தவித்தபோது கன்ஸ்டன் காணாமல் போனார். சான்று காட்டும் திசை இது. இன்னொன்றையும் கூடவே சொல்லலாம்: 1993-இன் ஆஸ்திரேலியா 1975-இன் ஆஸ்திரேலியா இல்லை. 1986-இல் பால் ஹோகனின் 'க்ரொக்கடைல் டண்டி' உலகம் முழுக்க ஓடிவிட்டது. வெளிநாட்டுக்காரன் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருமா என்று மைக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் அசட்டுக்கு அங்கே முன்புபோல் இடம் இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். நோய் வந்திராவிட்டாலும் அந்தப் பாத்திரத்துக்கு வயதாகிவிட்டிருந்தது என்பது என் கணிப்பு.

அப்படியானால் டோனி ஹான்காக்குக்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கலாம். பிரிட்டனின் மாபெரும் நகைச்சுவை நடிகர். இதே செவன் நெட்வொர்க்குக்கு ஒரு தொடர் எடுக்க சிட்னி வந்தவர். 1968 ஜூனில் அங்கேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வேதனைதான் சிரிப்பின் ஊற்று என்று வாதாடுகிறவர்கள் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று அது. அவர் தொழில் வரலாற்றைப் படித்தால் எனக்குக் கண்ணில் படுவது வேறு. ஹான்காக்கின் மகத்தான வேலையெல்லாம் ரே கால்டன், ஆலன் சிம்ப்சன் என்ற இரு எழுத்தாளர்களோடு செய்தது. 1961-இல் அவர்களை விட்டு விலகினார். வேதனை குறையவில்லை, கூடிக்கொண்டே போனது. தரம்தான் அதோடு கூடவில்லை. வேதனை ஊற்று என்றால் அந்தக் கடைசி ஆண்டுகள் பொங்கிப் பெருகியிருக்க வேண்டும். நான் சொல்வது இவ்வளவுதான்: நோயுள்ள கலைஞர்கள் இருக்கிறார்கள், நோயற்ற கலைஞர்களும் இருக்கிறார்கள். முதல் வகையினரை மட்டும் நாம் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம், ஏனென்றால் அவர்கள் வாழ்க்கையில் கதை இருக்கிறது. காலையில் ஒத்திகைக்குப் போய், மாலையில் வீடு திரும்பி, எண்பது வயதில் படுக்கையில் இறந்த நகைச்சுவை நடிகரைப் பற்றி யார் நூல் எழுதுகிறார்கள்?

தன்னை அறிந்தவன் தன்னைக் கொண்டே நடிக்கிறான், பதற்றம் என்றால் என்னவென்று மெக்டொனால்டுக்கு உள்ளிருந்து தெரிந்திருக்கும், அது பாத்திரத்துக்கு உதவியிருக்காதா என்று இன்னும் மென்மையாகக் கேட்பவர்களும் உண்டு. உதவியிருக்கலாம். அதை மறுக்க எனக்கு அவசியம் இல்லை. பசி தெரிந்தவன் பசியை நன்றாக நடிக்கலாம். அதற்காக அவனைப் பட்டினி போடுவது நடிப்புப் பயிற்சி ஆகாது. இந்த வித்தியாசம் ஏட்டளவில் நிற்பதும் இல்லை. நோய்தான் திறமை என்று நம்பும் கலைஞன் மருத்துவரிடம் போகத் தயங்குவான். குணமானால் கைச்சரக்கு போய்விடும் என்று பயப்படுவான். பார்வையாளர்களும் தயாரிப்பாளர்களும் அந்தப் பயத்துக்குத் துணைபோவார்கள்.

மெக்டொனால்ட் மருத்துவரிடம் போனார். சிகிச்சை எடுத்துக்கொண்டார். பதற்ற நோயைப் பற்றி ஊருக்கு ஊர் பேசினார். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்குமான தேசிய அமைப்பான பியாண்ட்ப்ளூவின் நிர்வாகக் குழுவில் இருந்தார். 2003-இல் அவருக்கு ஆர்டர் ஆஃப் ஆஸ்திரேலியா விருது கிடைத்தபோது, மனநல விழிப்புணர்வுப் பணியையும் கலைப்பணியையும் இரண்டு தனித்தனிச் சேவைகளாகவே சேர்த்துக் கௌரவித்தார்கள். இதற்கிடையே நடிப்பதையும் விடவில்லை. 2001-இல் 'மூலான் ரூஜ்' படத்தில் மருத்துவராக வந்தார். 2011-இல் மெல்பர்ன் மேடையில், டேவிட் வில்லியம்சன் எழுதிய 'டான் பார்ட்டீஸ் ஆன்' நாடகத்தில் முதன்மைப் பாத்திரமான டானாக நடித்தார். வில்லியம்சன் 1971-இல் எழுதிய நாடகத்தின் அதே ஆட்கள் நாற்பது வருடம் கழித்துத் தேர்தல் இரவில் மறுபடி கூடும் கதை அது. அப்போது அவருக்கு வயது 62. சிகிச்சைக்குப் பிந்தைய மெக்டொனால்ட் தினமும் மேடை ஏறி, முழு நீள நகைச்சுவை நாடகத்தைத் தோளில் சுமந்தார். நோய் போனால் சிரிப்பும் போய்விடும் என்று நம்புகிறவர்கள் இந்த ஆண்டுகளுக்கு முதலில் ஒரு விளக்கம் தரட்டும். அதைக் கேட்ட பிறகு என் கட்சியை மாற்றிக்கொள்வதா என்று யோசிக்கிறேன்.